மொய்க்கு மீதி கேட்ட விவரம்

சேலம், செவ்வாய்ப்பேட்டை,
தாது வருஷம் பங்குனி மாதம் 9ஆம் தேதி, திங்கட்கிழமை.

ஜலகண்டாபுரத்தில் நெசவும் நூல் வியாபாரமும் குறைவின்றி நடத்திவரும் என் அன்புள்ள மைத்துனர் பாலசுந்தரம் அவர்களுக்கு,

இங்கு நானும் தங்கள் அக்காள் கமலவேணியும் உடலைப் பொறுத்தவரை சுகமாக இருக்கிறோம். தங்கள் சுகத்தையும், தங்கள் மனைவி மக்கள் சுகத்தையும், தறிகளின் நிலைமையையும் அறிய ஆவலாக இருக்கிறோம்.

காலஞ்சென்ற வக்கீல் அவர்களிடம் இருபத்தாறு ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்து, அவர் மறைவுக்குப்பின் சென்ற ஐப்பசி முதல் தட்சிண வர்த்தக நிலுவை வசூல் கம்பெனியின் சேலம் ஏஜெண்டாக இருந்துவரும் ப. சரவணமுத்து ஆகிய நான், தாங்கள் இரண்டு தறிகளை ஈடுவைத்து எனக்காக அக்கம்பெனியில் கட்டிய ஜாமீன் தொகை முந்நூறு ரூபாய் இன்றைய தேதியில் என்ன நிலைமையில் இருக்கிறது என்பதைத் தெரிவிக்கும் பொருட்டு இதை எழுதுகிறேன். நிலைமை இன்னதென்று எனக்கே தெரியவில்லை. ஆயினும் நடந்தவற்றை நடந்த வரிசையில் எழுதினால் படிப்பவருக்காவது விளங்கக்கூடும் என்று நம்புகிறேன். வயதில் தாங்கள் எனக்கு எட்டு ஆண்டுகள் இளையவர். உறவு முறைப்படி 'நீ' என்று எழுத எனக்கு உரிமை உண்டு. ஜாமீன் கட்டியவரை 'நீ' என்று எழுதும் வழக்கத்தை நான் எந்தக் கோர்ட்டிலும் கண்டதில்லை. ஆகையால் 'தாங்கள்' என்றே எழுதுகிறேன்.

பணம் கட்டிய அன்று கம்பெனியின் வேலை என்ன என்று கேட்டீர்கள். ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் நான் சொல்லவில்லை. அது இதுதான். சென்னையில் ஒரு சாயப்பொடி வியாபாரி இருக்கிறார். அவரிடம் சேலத்துச் சாயப் பட்டறைக்காரர்கள் இருபத்திரண்டு பேர், வியாபாரம் படுத்திருந்த காலத்தில் கடனுக்குப் பொடி வாங்கி, பிறகு பணம் கொடுக்கவும் இல்லை, கொடுக்க மாட்டோம் என்று சொல்லவும் இல்லை. அவர் அனுப்பிய ஆட்களை நாளைக்கு வரச் சொல்லிக்கொண்டு, அவருடைய கடிதங்களுக்குப் பதில் போடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். அவர் அந்தக் கணக்குகளைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். கம்பெனி என்னிடம் ஒப்படைத்தது. வசூலாகும் ரூபாய்க்கு எனக்கு இரண்டணா. இதற்கெனக் கம்பெனியில் நாற்பத்தொரு விதிகள் அடங்கிய புத்தகம் ஒன்று உண்டு. முதலில் மரியாதையான கடிதம், இரண்டாவது கண்டிப்பான கடிதம், மூன்றாவது வக்கீல் நோட்டீஸ், அதன்பின் வழக்கு. இதில் அவசரமும் ஒன்று இருந்தது. கடைசியாகப் பொடி வாங்கி மூன்று ஆண்டுகள் கழிந்தால் அந்தக் கணக்கின்மேல் கோர்ட்டுக்குப் போக முடியாது, கணக்கு செத்துவிடும். அதற்குள் பாக்கிதாரர் ஒரு ரூபாயாவது வரவு கொடுத்து, அதைத் தம் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் ஆயுள் உண்டு. என்னிடம் வந்த இருபத்திரண்டு கணக்குகளும் மாசி மாதத்தோடு சாகவிருந்தவை.

நான் விதிப் புத்தகத்தை மூன்று முறை படித்தபின்பே முதல் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன் என்பதைத் தாங்கள் நினைவில் வைக்க வேண்டும். மூன்றாம் விதியின்படி, முதல் கடிதத்தில் கடன், பாக்கி, நிலுவை, வசூல் என்ற சொற்கள் வரக் கூடாது; கம்பெனியின் பெயரும் வரக் கூடாது; பிறர் கையில் அகப்பட்டால் பாக்கிதாரரின் நாணயத்துக்குக் குறைவு வரும், அவர் நம்மேல் மானநஷ்ட வழக்குப் போடுவார். ஐந்தாம் விதியின்படி, கூட்டுக் குடும்ப வியாபாரமாக இருந்தால் குடும்பத்தார் அனைவருக்கும் பொறுப்பு உண்டாகையால் எல்லோரையுமே அழைக்க வேண்டும். தேதியும் நேரமும் திட்டமாகக் குறிக்க வேண்டும் என்பது ஆறாம் விதி. இராகு காலத்தையும் எமகண்டத்தையும் விலக்கியது மட்டும் என் சொந்தப் பழக்கம். வக்கீல் ஐயா அந்த நேரங்களில் ஒரு மனுவும் தாக்கல் செய்ய விடமாட்டார். இவ்வளவையும் அனுசரித்து நான் எழுதிய கடிதம் வருமாறு:

"அன்புடையீர், தங்களுக்கும் எங்களுக்கும் நெடுநாளாக உள்ள தொடர்பை மனத்திற்கொண்டு, நிகழும் தாது வருஷம் தை மாதம் 19ஆம் தேதி திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் பத்தரை மணிக்குள் நல்ல வேளையில், அடியிற்கண்ட இல்லத்துக்குத் தாங்கள் குடும்பத்தாருடன் தவறாது வந்திருந்து, காரியத்தை இனிது முடித்துத் தரும்படி வேண்டுகிறேன். நேரில் வர இயலாதவர்கள் தங்களால் இயன்றதை அனுப்பிவைத்தாலும் நன்றியுடன் ஏற்றுக்கொள்ளப்படும். இப்படிக்கு, தங்கள் நலம் நாடும் ப. சரவணமுத்து."

இதில் ஒரு குற்றம் தங்களால் சொல்ல முடியுமானால் சொல்லுங்கள். நான் இன்றுவரை இருபது முறை படித்துப் பார்த்துவிட்டேன்.

எங்கள் கடைத்தெருவில் அச்சுக்கூடம் வைத்திருக்கும் அங்கமுத்து என்பவரிடம் இதை அச்சுக்குக் கொடுத்தேன். நல்ல மனிதர், வருஷத்தில் பத்து மாதம் கல்யாணப் பத்திரிகை, மீதி இரண்டு மாதம் பஞ்சாங்கம். அவர் வாசகத்தை வாய்விட்டுப் படித்துவிட்டு, "ஏனுங்க, அருமையா எழுதியிருக்கறீங்க. என்ன விசேஷம்னு மட்டும் போடக் காணோமே" என்றார். விதிப்படி அதைச் சொல்ல இயலாது என்றேன். அவர் வாசகத்தை மடித்து வைத்துக்கொண்டு, "உங்க இஷ்டமுங்க" என்றார். மறுநாள் அச்சுப்படி காட்டினார், ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை, கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அச்சடித்து, உறையிலிட்டு, விலாசம் எழுதித் தபாலில் சேர்ப்பதுவரை அவர் பொறுப்பு; அதற்குத் தனிக் கூலி ஆறணா. தபாலில் சேர்க்குமுன் அவர், தமக்குத் தாய்வயிற்றிலிருந்து வந்ததைப்போன்ற பழக்கத்தால், ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் பிள்ளையார் அச்சைப் பதித்து, நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவி அனுப்பிவிட்டார். மஞ்சளுக்கு அவர் காசு வாங்கவில்லை. அதனால் பில்லிலும் அது வரவில்லை. பில்லில் வராததால் எனக்கும் தெரியவில்லை.

தை 19ஆம் தேதி காலை, அதிகமாகப் போனால் மூன்று பேர் வருவார்கள் என்று கணித்து, நடைக்கு நேராக ஒரு மேஜையும், ரிஜிஸ்தரும், மைக்கூடும், மூன்று நாற்காலிகளும் போட்டு உட்கார்ந்திருந்தேன். ரிஜிஸ்தரில் பெயர், ஊர், தொகை, கையெழுத்து என்று நான்கு கலங்கள். அது பதினான்காம் விதி. ஒன்பது அடித்து ஐந்து நிமிஷத்தில், நாற்பத்தெட்டு ரூபாய் பாக்கி உள்ள பட்டறை முதலாளி நாச்சிமுத்து, மனைவி, இரண்டு தம்பிகள், தம்பி மனைவிமார் சகிதம், தட்டில் தேங்காய் பழத்தோடு வந்தார். அவர் பின்னால் நாற்பத்துமூன்று ரூபாய் பாக்கி உள்ள கந்தம்மாள். கணவர் போனபின் மூன்று சாயத் தொட்டிகளையும் தாமே நடத்திவருபவர். அவர் பின்னால் இன்னும் பலர். பத்து மணிக்குள் பதினேழு பாக்கிதாரர்கள், அவர்களைச் சேர்ந்தவர்களுடன் மொத்தம் அறுபத்துநான்கு பேர் என் வீட்டில் இருந்தார்கள். தேங்காய் பழத்துடன் கடன் கட்ட வரும் மனிதரை நான் என் அனுபவத்தில் கண்டதில்லை. மரியாதையான கடிதத்துக்கு மரியாதையான பலன் கிடைத்திருக்கிறது என்றே எண்ணினேன்.

கமலவேணி சமையலறை வாசலில் நின்று என்னைச் சைகை காட்டி அழைத்தாள். "ஏனுங்க, மூணு பேருன்னு சொன்னீங்க, ஊரே வந்து நிக்குது."

"எல்லோரும் காரியமாக வந்திருக்கிறார்கள். உட்கார வை" என்றேன்.

"தேங்காயும் பழமுமா வந்தவங்கள வெறும் வயித்தோடவா அனுப்பறது?" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டிலிருந்து ரவை வாங்கி உப்புமா கிண்டி, காப்பியும் கொடுத்து, தட்டில் வெற்றிலை பாக்கும் வைத்துவிட்டாள். இந்த வகையில் செலவு நான்கு ரூபாய் ஒன்பதணா. கம்பெனி பிற்பாடு இதை ஒப்புக்கொள்ளவில்லை.

நாச்சிமுத்து மேஜை அருகே வந்து குனிந்து, "ஏனுங்க சாமி, என்ன விசேஷமுங்க?" என்று கேட்டார். எட்டாம் விதியின்படி, ஒரு பாக்கிதாரரின் விவகாரத்தை மூன்றாம் மனிதர் காது கேட்கப் பேசக் கூடாது. அந்த அறையில் ஒவ்வொருவரும் மற்றப் பதினாறு பேருக்கும் மூன்றாம் மனிதர். ஆகையால் நான், "நாலு பேர் முன்னால் சொல்லக்கூடியதல்ல, வந்த காரியத்தை முடித்தால் போதும்" என்று தணிந்த குரலில் சொன்னேன். அவர் புரிந்ததுபோல் தலையசைத்துவிட்டுத் திரும்பி, "வாயத் தொறக்க மாட்டேங்கறாருங்க. ஊடு வாங்கப் போறாராட்டம் இருக்குது. வெளிய தெரிஞ்சா வெலைய ஏத்திப்புடுவாங்கல்லோ" என்றார். நான் மறுக்க வாயெடுத்தேன். மறுத்தால் வேறு எதற்காக என்று சொல்ல வேண்டிவரும். எட்டாம் விதி என்னைத் தடுத்தது.

பிறகு அவர் மடியிலிருந்து ஐந்து ரூபாயை எடுத்து வெற்றிலைத் தட்டில் வைத்தார். நான் ரிஜிஸ்தரைத் திருப்பி வைத்து, அவர் கையாலேயே எழுதிக் கையெழுத்திடச் செய்தேன். "நம்ம கையாலயே எழுதோணுமுங்களா? புதுசா இருக்குதே" என்றார், எழுதினார். இங்கிலீஷில் அச்சடித்த கம்பெனி ரசீது கொடுத்தேன். அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரசீதெல்லாம் குடுக்கறாருப்பா, படிச்சவரு படிச்சவருதான்" என்று தம்பியிடம் காட்டினார். மீதி எப்போது என்று அவர் காதோடு கேட்டேன். "நம்மூட்டுல வைகாசில பொண்ணு கண்ணாலமுங்க, அப்ப நீங்க வாங்க, பாத்துக்கலாம்" என்றார். 'மீதியை வைகாசியில் நேரில் பைசல் செய்வதாக வாக்களித்தார்' என்று ரிஜிஸ்தரின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். இவ்வாறே பதினேழு பேர். அன்றைய மொத்தம் எண்பத்தொரு ரூபாய் எட்டணா. என் பங்கு பத்து ரூபாய் மூன்றணா போக மீதியை அன்று மாலையே மணியார்டர் செய்து, ரிஜிஸ்தரின் நகலையும் அனுப்பிவைத்தேன். கம்பெனி மானேஜர் எழுதிய பதிலில், முதல் கடிதத்துக்கு இருபத்திரண்டில் பதினேழு பேர் நேரில் வந்து, தம் கையால் எழுதிக் கொடுத்தது கம்பெனி தொடங்கிய நாள் முதல் நடந்திராத சங்கதி என்றும், என் முறையை மற்ற ஏஜெண்டுகளும் பின்பற்றத்தக்கது என்றும் கண்டிருந்தது. அன்று இரவு கமலவேணியிடம் அதை இரண்டு முறை படித்துக் காட்டினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

மாசி கடைசியில், விதிப்படி, இரண்டாம் கடிதத்தை அனுப்பினேன். இதில் பாக்கி என்ற சொல்லை உபயோகிக்கலாம். நானே கைப்பட எழுதினேன். 'தாங்கள் தை 19ஆம் தேதி கொடுத்த ரூபாய் ஐந்து போக, மீதி பாக்கியைப் பதினைந்து நாளைக்குள் செலுத்தத் தவறினால் மேல் நடவடிக்கை எடுக்கப்படும்.' மறுநாள் காலை நான் பல் துலக்கிக்கொண்டிருக்கையில் கந்தம்மாள் வந்துவிட்டார்.

"ஏனுங்க," என்றார், "எனக்கு அறுவது வயசாகுது. மொய் வெச்சிருக்கறேன், மொய் வாங்கியிருக்கறேன். எந்த ஊருலீங்க மொய்க்கு மீதி கேட்டுக் கடுதாசி போடறது?"

நான் வாயைக் கொப்பளித்துவிட்டு, "அம்மா, தாங்கள் எதைச் சொல்கிறீர்கள்? அது தங்கள் சாயப்பொடிக் கணக்கில் வரவு" என்றேன்.

"சாயப்பொடிக் கணக்கா? அதுக்கு எதுக்குங்க பிள்ளையார் போட்டு மஞ்சத் தடவி அனுப்புனீங்க?" என்று, முடிச்சை அவிழ்த்து அந்த முதல் கடிதத்தை என் முன்னால் விரித்தார். அப்போதுதான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். நான்கு மூலையும் மஞ்சள். தலையில் பிள்ளையார்.

"மொய்யி பத்தலீன்னா அன்னைக்கே மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமுங்க. மேல் நடவடிக்கைன்னு எழுதியிருக்கறீங்களே, என்ன நடவடிக்கை? தின்ன உப்புமாவத் திருப்பிக் கேப்பீங்களா?"

உப்புமா கணக்கில் சேராது என்று நான் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். கமலவேணி வந்து அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய்க் காப்பி கொடுத்தாள். கோபத்தோடு காப்பி குடிக்கும் ஓசை வெளியே எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று பகலுக்குள் நாச்சிமுத்து முதலான ஒன்பது பேர் வந்து சேர்ந்தார்கள். கந்தம்மாளைப்போல் இவர்கள் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நாச்சிமுத்து இடையில் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். "வக்கீலு சொல்றாருங்க, அந்த அஞ்சு ரூபா மொய்யின்னா, சாயப்பொடிக் கணக்கு மாசியோட தீந்துபோச்சாம். வரவுன்னா, இன்னும் மூணு வருசத்துக்கு எங்க கழுத்துல கெடக்குமாம். நாங்க எழுதுனது மொய்யின்னு உங்களுக்கே தெரியுமுங்க. மொய்யின்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க சாமி, போதும்."

"நான் கம்பெனியின் ஏஜெண்டு. கம்பெனி ரசீது கொடுத்திருக்கிறேனே" என்றேன்.

"ஏஜெண்டு ஊட்டுக்கு நாங்க வருலீங்க. சரவணமுத்து ஊட்டுக்குத்தான் வந்தோம்" என்றார் அவர். "கடன் கேக்க வந்தவனுக்கு நாளைக்கு வான்னு சொல்லிக்கலாமுங்க, மூணு வருசமா அப்படித்தான் சொன்னோம், பொய்யில்லே. மொய்யின்னு கூப்புட்டா இல்லேன்னு சொல்ல முடியுமுங்களா? என்ற சம்சாரத்தோட தோட்ட அடகு வெச்சு அந்த அஞ்சு ரூபாயக் கொண்டாந்தேன்."

தோட்டம் அல்ல, காதுத் தோட்டைத்தான் அவர் சொன்னார். அந்த அம்மாள் அன்று வெறும் காதோடு வந்திருந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நான் இச்செய்தி முழுவதையும், மஞ்சள் உட்பட, மானேஜருக்கு எழுதினேன். பதில் சென்ற வெள்ளிக்கிழமை வந்தது. மஞ்சளைப் பற்றிக் கம்பெனிக்குக் கவலை இல்லை. பதினேழு பேரும் தம் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டிருப்பதால் கணக்குகள் யாவும் உயிரோடு இருக்கின்றன. அவை கடனுக்காகக் கொடுக்கப்பட்ட வரவுகளே என்று நான் பிரமாணப் பத்திரம் ஒன்று எழுதி, இங்கிலீஷ் மார்ச்சு மாதம் 31ஆம் தேதிக்குள் சென்னையில் நேரில் ஒப்படைக்க வேண்டும். தவறினால் ஜாமீன் தொகை முந்நூறு ரூபாயும் கம்பெனியால் பறிமுதல் செய்யப்படும். இது முப்பத்தெட்டாம் விதி. அவ்விதியை நான் முன்னரே மூன்று முறை படித்திருக்கிறேன். அது என்னைப் பற்றியது என்று மூன்று முறையும் தோன்றவில்லை.

மைத்துனரே, மூன்று நாட்களாக எனக்குத் தூக்கமில்லை. வரவு என்று எழுதினால் தங்கள் பணம் பிழைக்கும். ஆனால் மஞ்சள் தடவிய கடிதம் அனுப்பி வீட்டுக்கு வரவழைத்து, உப்புமா போட்டு, மொய்யை வாங்கி, அதையே அவர்கள் கழுத்தில் சாட்சியமாகக் கட்டிய மனிதன் என்று செவ்வாய்ப்பேட்டையில் என்னைச் சொல்வார்கள். சொல்வது உண்மையாகவும் இருக்கும். மொய் என்று எழுதினால் தங்கள் முந்நூறும் போயிற்று, என் வேலையும் போயிற்று. தவிரவும், அது மொய் என்றால் எனக்கு வந்த மொய்யை நான் எதற்காகக் கம்பெனிக்கு மணியார்டர் செய்தேன்? அதில் ரூபாய்க்கு இரண்டணா கமிஷன் எடுத்துக்கொண்டேனே, தன் வீட்டு மொய்யில் தானே கமிஷன் எடுப்பது என்ன நடைமுறை? பதினேழு வீட்டுக்கும் நான் திருப்பி வைக்க வேண்டிய மொய்யை எங்கே போய் வாங்குவேன்? வரவு என்றால் நான் வசூல் செய்தவன். மொய் என்றால் நான் பதினேழு பேருக்குக் கடன்பட்டவன். ஒரே நாளில், ஒரே மேஜையில், ஒரே ரிஜிஸ்தரில் இரண்டும் எப்படி ஆனேன் என்று யோசித்து யோசித்துத் தலை சுற்றுகிறது.

இறுதியில், வக்கீல் ஐயாவிடம் இருந்த காலத்தில் நான் பழைய சட்டப் புத்தகங்களில் படித்த ஒன்றே துணைக்கு வந்தது. ஒருவன் பணம் கொடுக்கும்போது, இன்னதற்காகக் கொடுக்கிறேன் என்று தீர்மானிக்கும் உரிமை முதலில் கொடுப்பவனுக்கே உண்டு. வாங்குகிறவன் நினைப்பு அதற்குப் பின்னால்தான். அந்தப் பதினேழு பேரும் மொய் என்று நினைத்தே கொடுத்தார்கள். ஆகவே அது மொய். இதில் எனக்கு இப்போது சந்தேகமில்லை.

ஆனால் பறிபோகும் தொகை தங்களுடையதாகையால் தங்கள் சம்மதமின்றி நான் இதைச் செய்வது முறையல்ல. வருகிற திங்கட்கிழமைக்குள் தங்கள் எழுத்துமூலமான அனுமதி வந்து சேரவேண்டும். அதற்கு ஈடாக, தங்கள் முந்நூறு ரூபாயை மாதம் ஐந்து ரூபாய் வீதம் அறுபது தவணைகளில் தவறாது கொடுத்துத் தீர்ப்பேன் என்று இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன். பணத்துக்கு வழி இருக்கிறது. அச்சுக்கூடத்து அங்கமுத்து நடந்ததைக் கேட்டு வருந்தி வந்தார், வருந்தி முடித்தபின், "இப்பிடி வாசகம் எழுத இந்தச் சில்லாவுலயே ஆளில்லீங்க. அறுவத்துநாலு பேரை, என்ன விசேஷம்னே சொல்லாம வரவெச்சீங்களே" என்று, கல்யாணப் பத்திரிகைகளுக்கு வாசகம் எழுத மாதம் பன்னிரண்டு ரூபாய்க்கு என்னைக் கேட்டிருக்கிறார். விதிகள் ஏதேனும் உண்டா என்று கேட்டேன். மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் மாற்றிப் போடாமல் இருந்தால் போதும் என்றார்.

தங்கள் மனைவிக்கு எங்கள் அன்பையும், குழந்தைகளுக்கு எங்கள் ஆசிகளையும் சொல்லவும். தங்கள் மகள் சாரதாமணிக்கு நல்ல இடத்தில் வரன் அமைந்திருப்பதாகக் கமலவேணி சொன்னாள், மிக்க சந்தோஷம். எல்லோரும் நோயின்றி, வழக்கின்றி, நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அக்காள் கணவர்,
ப. சரவணமுத்து.

பின்குறிப்பு: உறையில் இடுமுன் இக்கடிதத்தைக் கமலவேணிக்குப் படித்துக் காட்டினேன். அறுபது தவணைகள் என்ற இடத்தில் என்னை நிறுத்தினாள்.

"ஏனுங்க, என்ற தம்பி குடுத்த முந்நூறையா ஜாமீன்னு எழுதியிருக்கறீங்க?"

"வேறு என்னவென்று எழுதுவது?"

"அது அன்னைக்கே மொய்யாப் போச்சுங்களே."

விசாரித்ததில் தெரியவந்தது என்னவென்றால், தை 19ஆம் தேதி அன்று நான் நாச்சிமுத்துவுக்காக ரிஜிஸ்தரில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளே கந்தம்மாள் கூட்டத்தின் நடுவில் இவளைப் பார்த்து, "பொறந்த ஊட்டு மொய்யி விழுகாம நாங்க எப்பிடி அம்மிணி எழுதறது? தம்பியக் காணோமே" என்று கேட்டிருக்கிறார். பிறந்த வீட்டு மொய்தான் முதலில் விழவேண்டும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அத்தனை பேர் முன்னால் பிறந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை என்று எப்படிச் சொல்வது என்று, இவள், "என்ற தம்பி முன்னாலயே முந்நூறு ரூபா குடுத்துட்டானுங்க" என்று சொல்லிவிட்டாள். அது வாய்க்கு வாய் கூட்டம் முழுவதும் பரவியதாம். இரண்டு ரூபாயோடு வந்தவர்கள் அதன்பிறகே ஐந்து வைத்திருக்கிறார்கள்.

கொடுத்தவர் நினைப்புத்தான் செல்லும், தம்பி அதை ஜாமீனாகவே கொடுத்தார் என்று மேலே நான் எழுதிய சட்டத்தை அவளுக்கு எடுத்துச் சொன்னேன். "நான் ஊருக்கு முன்னால மொய்யின்னு சொன்னதுக்கப்புறம் அவன் வேறயா நெனச்சுருவானா? கேட்டுத்தான் பாருங்களேன்" என்றாள். இதற்கு என்னிடம் சட்டம் இல்லை.

ஆகையால் மேற்படி கடிதத்தில் ஜாமீன், அனுமதி, தவணை ஆகியவை பற்றி எழுதியுள்ள வாசகங்கள் யாவும் ரத்து. மொய்யைத் தவணையில் திருப்பும் வழக்கம் எங்கும் இல்லை என்றும், அவ்வீட்டு விசேஷத்தில் ஒரே தடவையில், வாங்கியதற்கு மேல் ஒரு ரூபாயாவது கூட்டித்தான் வைக்கவேண்டும் என்றும் கமலவேணி சொல்கிறாள். சாரதாமணியின் கல்யாணம் ஆவணியில் என்றும் சொல்கிறாள். தங்கள் பதிலுக்குக் காத்திராமல் இன்றைய மெயில் ரயிலிலேயே சென்னைக்குப் புறப்பட்டு, பதினேழும் மொய் என்று மானேஜர் முன்னிலையில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வருவேன். ஆவணியில் தங்கள் வீட்டுக்கு முதல் ஆளாக வந்து முந்நூற்றொரு ரூபாய் எழுதுவேன். அந்த ஒரு ரூபாயை இப்போதே தனியாக முடிந்து வைத்துவிட்டேன்.